இரண்டாவது படிக்கட்டு

(சங்கத்தின் சித்திரைத் திருநாள் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய புலவர் அவர்கள், கண்ணகியின் சினத்தீ மதுரை மாநகரை எரித்த வரலாற்றை உருக்கமாக எடுத்துரைத்தார்கள். அத்தகைய சொல்வன்மை எனக்கில்லை. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுத்தர் வேலை பார்ப்பவன் நான். நான் பேச வந்ததும் தீயைப் பற்றியே. ஆனால் அது காப்பியத் தீயன்று. நம் அடுக்களையிலும் மின்கம்பிகளிலும் உறங்கிக் கிடக்கும் தீ. விழா நாளில் மங்கலமான பொருள் வேறு கிடைக்கவில்லையா என்று செயலாளர் அவர்கள் என்னிடம் அன்போடு கேட்டார்கள். அவர்களுக்கு நான் சொன்ன விடையையே உங்களுக்கும் சொல்லித் தொடங்குகிறேன்.

இன்று ஏப்ரல் 14. நமக்குச் சித்திரை முதல் நாள். இந்நகரத்துத் தீயணைப்புப் படையினர்க்கோ இது நீத்தார் நினைவு நாள். 1944-ஆம் ஆண்டில் இதே நாளன்று, பம்பாய் விக்டோரியா துறையில் நின்றிருந்த ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்னும் கப்பல் தீப்பற்றி வெடித்துச் சிதறியது. வெடிமருந்தும் பஞ்சுப் பொதியும் அக்கப்பலில் ஒருங்கே ஏற்றப்பட்டிருந்தன. சரக்கைக் கையாள்பவன் என்னும் முறையில் சொல்கிறேன், அவ்விரண்டையும் ஒரே கலத்தில் ஏற்றுவதைக் கேட்டாலே எனக்கு உடல் நடுங்குகிறது. அத்தீயை அணைக்கச் சென்ற வீரர்களுள் 66 பேர் கடமையிலேயே மாண்டனர். அவர்களை நினைந்தே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 முடிய நாடெங்கும் தீயணைப்புப் பணி வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. புத்தாண்டும் அந்நினைவு நாளும் ஒன்றாக வருகின்ற ஊரில் வாழ்கின்ற நாம், வேப்பம்பூப் பச்சடி உண்பதற்கு முன் கால் மணி நேரம் இப்பொருளுக்கு ஒதுக்கினால் விழாவின் மங்கலம் குறைந்துவிடாது என்பது என் எண்ணம்.

நம் காலனியின் பழைய கட்டடங்களைச் சற்றே நினைவுக்குக் கொண்டுவாருங்கள். தரைத்தளமும் அதற்குமேல் மூன்று மாடியும், அவ்வளவே. படிக்கட்டு ஒன்றுதான். ஆயினும் அதன் ஒரு பக்கம் முழுவதும் வெளிக்காற்றுக்குத் திறந்திருந்தது. வீட்டுக்கு முன்னால் நீண்ட பொதுத் தாழ்வாரம். யாருடைய வீட்டில் பால் பொங்கிக் கருகினாலும் தெருவிலிருப்பவர்க்குத் தெரிந்துவிடும். மூன்றாம் மாடியிலிருந்து கிழவரும் இரண்டு நிமிடத்தில் முற்றத்துக்கு வந்துவிடலாம். அக்கட்டடங்களை இடித்துவிட்டு, அதே நிலத்தில் இருபத்திரண்டு மாடிக் கோபுரங்கள் மூன்றினை எழுப்பித் தந்திருக்கிறார்கள். நாமும் மகிழ்ச்சியோடு குடிபுகுந்தோம். இரண்டாம் மாடியில் இருந்தவர் ஒரே நாளில் பதினேழாம் மாடிக்குப் போனார். ஆள் மேலே ஏறிவிட்டோம். நம் பழக்கவழக்கங்கள் மட்டும் இன்னும் பழைய தாழ்வாரத்திலேயே நின்றுகொண்டிருக்கின்றன.

உயரம் ஏறினால் என்ன வேறுபாடு என்று கேட்பீர்கள். ‘தீயணைப்பு வண்டி வரும், ஏணி வைப்பார்கள், இறங்கிவிடுவோம்’ என்பதே நம்மிற் பெரும்பாலோருடைய நம்பிக்கை. மும்பைத் தீயணைப்புப் படையினரிடம் 90 மீட்டர் உயரம் எட்டக்கூடிய ஏணி வண்டி உண்டென்பது உண்மையே. ஆனால் அவ்வண்டி நம் கட்டடத்தின் அடிக்கு வந்து, கால்களை இருபுறமும் விரித்து ஊன்றி நின்றாலன்றோ ஏணி எழும்பும்? நம் வாயில் முதல் கட்டடம் வரையுள்ள பாதையில் இரவு பத்து மணிக்குமேல் இரு பக்கமும் கார்கள் நிற்பதை நீங்கள் பார்த்ததுண்டு. குப்பை வண்டியே காலையில் பின்னோக்கி ஊர்ந்து வருகிறது. ஆதலால் ஏணியை நம்பிப் பயனில்லை. மின்தூக்கியையோ தீ நேர்ந்தபோது தொடவும் கூடாது. மின்சாரம் நின்றால் அது நடுவழியில் நிற்கும். அதன் குழாய்வழியே புகையும் ஏறும். எஞ்சியிருப்பது படிக்கட்டு ஒன்றே.

இதனை அறிந்தே நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்த கட்டடங்களுக்கு இரண்டு படிக்கட்டேனும் வேண்டும் என்று கூறுகிறது. ஒன்றில் புகை புகுந்தால் மற்றொன்று வேண்டுமல்லவா? இலண்டன் மாநகரில் 2017-ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று எரிந்த கிரென்ஃபெல் கோபுரம் 24 மாடியுடையது. அதற்கு இருந்தது ஒரே படிக்கட்டு. நான்காம் மாடியில் ஒரு வீட்டின் குளிர்பதனப் பெட்டியில் தோன்றிய தீ, கட்டடத்தின் புறத்தே அழகுக்காகவும் குளிர் தடுப்பதற்காகவும் ஒட்டப்பட்டிருந்த தகடுகளின் வழியே உச்சிவரை ஏறிவிட்டது. 72 உயிர்கள் போயின. நமக்கு இரண்டு படிக்கட்டுகள் இருக்கின்றன. நான் கேட்பது இதுதான்: அவ்விரண்டாவது படிக்கட்டின் வழியே இதுவரை ஒரு முறையேனும் கீழே இறங்கிப் பார்த்தவர்கள் இந்த அவையில் எத்தனை பேர்? கை தூக்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை.

தீயில் வெந்து மாள்வோரைவிடப் புகையில் மூச்சுத் திணறி மாள்வோரே மிகுதி. இதனை நம் பெண்மணிகள் மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நம் குருதி பிராணவாயுவை விட்டுவிட்டு அதனையே விரைந்து பற்றிக்கொள்ளும். ஓட வேண்டியவனுக்குக் கால் தளரும். சிந்திக்க வேண்டியவனுக்கு மதி மயங்கும். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 9 விடியற்காலையில், கல்கத்தாவில் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். தீப்பற்றியதோ நிலத்தடித் தளத்தில். மேல்மாடிகளில் படுத்திருந்த நோயாளிகளைத் தீ எட்டவில்லை. புகைதான் எட்டியது, படுக்கையிலேயே அவர்கள் உயிர் நீத்தனர்.

சூடேறிய புகை மேலே எழும். இருபத்திரண்டு மாடி உயரமுள்ள படிக்கட்டுக் கூடு, புகைக்கு ஓர் ஆலைப் புகைபோக்கி போன்றது. ஐந்தாம் மாடியில் ஒரு கதவு திறந்திருந்தால் போதும். ஐந்துக்கு மேலுள்ள பதினேழு மாடியினர்க்கும் அப்படிக்கட்டு பயனற்றதாகிவிடும். இதற்காகவே ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுக்கு முன்னால் கனமான கதவு ஒன்று வைக்கப்படுகிறது. இரண்டு மணி நேரம் தீயைத் தாங்கி நிற்க வேண்டும் என்பது அக்கதவுக்குரிய விதி. அதன் மேற்புறத்தே மடங்கிய இரும்புக் கை போன்ற ஒன்றைக் காண்பீர்கள். கதவைத் திறந்து சென்றவர் மூட மறந்தாலும், தானாகவே இழுத்து மூடுவதற்காக அமைத்தது அது.

அக்கதவுகளின் இன்றைய நிலை யாது? சென்ற வாரம் ஒரு நாள் மாலை, நம் முதற் கோபுரத்தின் உச்சியிலிருந்து அடிவரை ஒவ்வொரு மாடியாகப் பார்த்துக்கொண்டு இறங்கினேன். பதினான்கு மாடிகளில் கதவு திறந்தே நின்றது. சிலவிடங்களில் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஓரிடத்தில் பழைய இட்லி மாவு அரைக்கும் கல்லே அப்பணியைச் செய்தது. ஊரிலிருந்து அரும்பாடுபட்டு இரயிலில் ஏற்றிக் கொண்டுவந்த கல்லாக இருக்க வேண்டும். அதன் எடைக்கு என்ன கட்டணம் செலுத்தினார்களோ! ஒரு மாடியில் அவ்விரும்புக் கையையே கழற்றி வைத்துவிட்டார்கள். காரணம் கேட்டால், காற்று வரவில்லை என்பார். குழந்தை விரலை நசுக்கிக்கொள்கிறது என்பார். பால்காரர்க்கு இடையூறு என்பார். காரணங்கள் யாவும் மெய்யே. ஆயினும் கதவு மூடியிருக்க வேண்டியது.

இனி மறுபுறத்தைப் பாருங்கள். மூடியிருக்க வேண்டியதைத் திறந்து வைக்கும் நாம், திறந்திருக்க வேண்டியதைப் பூட்டி வைக்கிறோம். மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு. தரைத்தளத்தில் இரண்டாவது படிக்கட்டு வெளியேறும் இடத்தில் இரும்புக் கிராதியும் சங்கிலியும்.

பூட்டிய கதவு செய்யும் கொலைக்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. கல்கத்தா பார்க் தெருவில் ‘ஸ்டீபன் கோர்ட்’ என்றொரு பழைய மாளிகை. 2010 மார்ச் 23 அன்று அதில் தீப்பற்றியது. 43 பேர் மாண்டனர். கீழே இறங்க இயலாமல் மேல்நோக்கி ஓடியவர்கள் மொட்டைமாடிக் கதவை அடைந்தபோது அது பூட்டிக் கிடந்தது. அக்கதவின் அருகே படிகளிலேயே உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. தில்லியில் ‘உபஹார்’ திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்தார்கள். அங்கே மேல்தள இருக்கைப் பகுதியில் கூடுதலாக நாற்காலிகளைப் போட்டு, வெளியேறும் வழியையே அடைத்திருந்தார்கள். சில சீட்டுகள் கூடுதலாக விற்கலாம் என்பதன்றி அதற்கு வேறு காரணம் இல்லை. நம் கும்பகோணத்தை நான் சொல்லாமலிருக்க இயலவில்லை. 2004 ஜூலை 16. மாடிப் பள்ளியின் கூரைக் கொட்டகையில் தீ, குறுகிய ஒரே படிக்கட்டு, 94 குழந்தைகள். அன்று இந்தக் காலனியில் தஞ்சை மாவட்டத்தார் வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை என்று என் தாயார் இன்றும் சொல்வார்கள்.

கடல் கடந்த நாடுகளில் இப்பாடத்தை மிகப் பழங்காலத்திலேயே கற்றுவிட்டார்கள். 1911-ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ஒரு தையற்சாலையில் 146 பேர் மாண்டதற்கு ஒரு காரணம், தொழிலாளர் துணியைத் திருடிச் செல்லாதபடி முதலாளிகள் கதவைப் பூட்டி வைத்திருந்தமையே. நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. நம் மூன்றாம் கோபுரத்தில் கிராதிக்குப் பூட்டுப் போட்டதற்கும் சொல்லப்படுகின்ற காரணம் திருட்டுதான்.

சென்ற மழைக்காலத்தில் அக்கோபுரத்தில் நடந்தது உங்களிற் பலர்க்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவு இரண்டு மணிக்கு மேல் மின்கம்பிகள் செல்லும் சுவர்க்கூட்டில் ஆறாம் மாடியருகே புகை கிளம்பியது. முதற் படிக்கட்டில் புகை சூழ்ந்தபடியால், மேல்மாடியினர் சிலர் விவேகத்தோடு இரண்டாவது படிக்கட்டில் இறங்கினார்கள். அவர்களுள் எழுபத்தெட்டு வயது மூதாட்டி ஒருவரும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் இருந்தனர். தரைத்தளம் வந்து சேர்ந்தால், கிராதியில் பூட்டு! சாவி காவலாளியிடம். காவலாளியோ மின்சார முக்கியக் கருவியை நிறுத்துவதற்காக மறு கோடிக்கு ஓடியிருந்தார்; அவர் மீது குற்றமில்லை. பதினொரு பேர் கம்பிக்கு உட்புறமும், வெளிக்காற்று கம்பிக்கு வெளிப்புறமுமாக ஏழெட்டு நிமிடம் கழிந்தது. நல்வினைப் பயனாக அன்று புகை அடங்கிவிட்டது. எவர்க்கும் ஒன்றும் நேரவில்லை. ஒன்றும் நேராதபடியால்தான் அப்பூட்டு இன்றும் அங்கே தொங்குகிறது.

தொங்குவது மட்டுமன்று. வருகின்ற ஞாயிற்றுக்கிழமை சொசைட்டியின் பொதுக்குழுவில், மற்ற இரண்டு கோபுரங்களுக்கும் அதேபோல் கிராதி போடுவதென்று தீர்மானம் வரவிருக்கிறது. இரண்டு வாயிலுக்கு இரண்டு காவலாளி வைப்பதினும் ஒரு வாயிலை அடைத்துவிட்டால் மாதச் சம்பளம் மிச்சமாகும் என்பது கணக்கு. பராமரிப்புக் கட்டணம் வீட்டுக்குச் சிறிது குறையும். நம் தமிழ்க் குடும்பங்களிற் பலர் இதற்கு இசைவு தெரிவித்திருப்பதாகக் கேள்விப்படுகிறேன். இரண்டு சைக்கிள்களும் ஒரு நீரேற்றும் மோட்டாரும் திருட்டுப் போனதால் எழுந்த அச்சம் அது. அவ்வச்சத்தை நான் இகழவில்லை. வெளியூரில் உழைத்துச் சேர்த்த பொருள் ஒவ்வொன்றும் அருமையானதே.

ஆனால் திருடனைத் தடுப்பதற்கும் நாம் வெளியேறுவதற்கும் பகை இல்லை. திருடன் வருவது வெளியிலிருந்து. நாம் போவது உள்ளிருந்து. வெளிப்புறம் கைப்பிடியே இல்லாமல், உட்புறத்தில் இடுப்பளவில் ஒரு குறுக்குத் தண்டு மட்டும் வைத்த கதவுகள் கிடைக்கின்றன. தண்டின் மீது உடலைச் சாய்த்துத் தள்ளினால் போதும், கதவு வெளிப்புறமாகத் திறந்துவிடும். திரையரங்குகளிலும் பெரிய அங்காடிகளிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இருட்டிலும் குழந்தையாலும் திறக்க முடியும். வெளியிலிருந்து எவனாலும் திறக்க முடியாது. திறந்தால் மணி ஒலிக்கும்படியும் அமைக்கலாம். வெளியேறும் கதவு, சாவியின்றி உட்புறமிருந்து திறக்கத்தக்கதாய் இருக்க வேண்டும் என்பது கட்டட விதித்தொகுப்பிலேயே உள்ளது. ஆகவே கிராதிக்குப் பூட்டுப் போடும் தீர்மானத்தைப் பொதுக்குழு நிறைவேற்றினாலும் அது விதிக்குப் புறம்பானதே. கண்ணாடிப் பெட்டிக்குள் சாவியைத் தொங்கவிடலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். புகையில் கண்ணாடியை உடைத்து, சாவியைத் தேடியெடுத்து, துரு ஏறிய பூட்டில் நுழைத்துத் திருகுவதை அவர் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்க்கட்டும்.

சாளரத்தைப் பற்றியும் ஒரு சொல். நாம் குடிவந்தவுடன் முதல் வேலையாகச் சாளரங்களுக்கும் பால்கனிக்கும் கூண்டு போல் வெளியே பிதுங்கிய இரும்புக் கிரில் அடித்தோம். துளசித் தொட்டிக்கும் துணி உலர்த்தவும் வசதிதான். ஆனால் படிக்கட்டில் புகை நிறைந்துவிட்டால், மீட்க வருகின்ற வீரர் அணுகக்கூடிய வழி அச்சாளரம் ஒன்றே. அதைக் கூண்டாக்கிவிட்டால் அவர் வெளியே நின்று நம்மைப் பார்க்கலாம். நாமும் அவரைப் பார்க்கலாம். நம் இரயில் பெட்டிகளைக் கவனித்திருப்பீர்கள். எல்லாச் சாளரங்களிலும் கம்பி இருந்தாலும், சிவப்பு அடையாளமிட்ட அவசர வழிச் சாளரத்தின் சட்டம் மட்டும் தூக்கினால் மேலெழும். அதுபோல் நம் கிரிலிலும் உட்புறத்தே தாழ் வைத்த சிறு கதவு ஒன்று அமைக்கச் செலவு மிகுதியாகாது. கொல்லரிடம் சொன்னால் அரை நாள் வேலை.

படிக்கட்டின் மீது கிடக்கும் பொருள்களை எண்ணத் தொடங்கினால் விழா முடிந்துவிடும். செருப்பு அலமாரி, பழைய மெத்தை, தண்ணீர்ப் பீப்பாய், குழந்தை வளர்ந்துவிட்டபின் ஒதுக்கிய தொட்டில். ஒரு மாடியில் மின்சார ஸ்கூட்டரின் மின்கலத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, படிக்கட்டு முகப்பிலுள்ள பொது இணைப்பில் இரவு முழுதும் மின்னேற்றுகிறார்கள். எங்கள் பார்சல் அலுவலகத்துக்கு மோட்டார் சைக்கிளை ஏற்ற வருவோரிடம், பெட்ரோல் தொட்டி துளி எண்ணெயும் இன்றிக் காலியாக உள்ளதா என்று பார்த்த பின்னரே சீட்டு எழுதுவோம். எத்தனை கெஞ்சினாலும் விடுவதில்லை. அத்தனை விழிப்பு ஒரு சரக்குப் பெட்டிக்கு உண்டென்றால், மனிதர் உறங்கும் வீட்டுக்கு வேண்டாமா? மின்கலம் கெட்டுத் தீப்பிடித்தால் வெடித்து எரியும். நீர் ஊற்றி எளிதில் அணைக்கவும் இயலாது. அது எரியும் இடமோ நாம் வெளியேற வேண்டிய இடம்.

24 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடங்களில் புகலிடத் தளம் என்று ஒன்று விடவேண்டும் என்பதும் விதி. நம் எட்டாம் மாடியிலும் பதினைந்தாம் மாடியிலும் ஒரு பக்கம் திறந்த வெற்றிடமாகக் காண்கிறீர்களே, அதுதான். இறங்க முடியாதவர் வெளிக்காற்றில் நின்று, மீட்போர் வரும்வரை காத்திருப்பதற்குரிய இடம். கட்டியவர் இடத்தை வீணாக்கிவிட்டார் என்று சிலர் வருந்துகிறார்கள். அவ்வருத்தத்தைப் போக்குவான் வேண்டியோ என்னவோ, கணபதி விழாக் குழுவினர் மூங்கிலையும், நம்மவர் கொலுப்படிகளையும் அங்கே அடுக்கியிருக்கிறார்கள். தேவர்களே ஆனாலும் அவ்விடத்தை விட்டுக் கொடுக்க வேண்டியதுதான்.

சட்டம் இதையெல்லாம் காணாமல் இல்லை. மகாராட்டிர மாநிலத்தில் 2006-ஆம் ஆண்டின் தீத்தடுப்பு, உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்படி கட்டடத்தின் தீயணைப்பு அமைப்புகள் செவ்வனே இயங்குகின்றன என்று, உரிமம் பெற்ற நிறுவனத்தாரிடம் சான்று பெற்று, ஆண்டுக்கு இரு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், அதிகாரிகளிடம் அளித்தல் வேண்டும். அச்சான்றினைக் காட்டும்படி சொசைட்டியின் செயலாளரைக் கேட்பதற்கு உங்களில் ஒவ்வொருவர்க்கும் உரிமை உண்டு. நான் கேட்டேன். ‘தேடிப் பார்த்துச் சொல்கிறேன்’ என்றார். அவரும் ஊதியமின்றி உழைப்பவரே. சண்டைக்குப் போகாமல் நயமாக மறுபடியும் கேட்போம். எட்டாம் மாடியில் தண்ணீர்க் குழாயின் பித்தளை முனையும் காணாமற் போயிருக்கிறது. சிவப்புப் பெட்டிக்குள் பழைய செய்தித்தாள்கள் இருக்கின்றன.

தீ நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியது என்ன என்று தாய்மார்கள் கேட்பார்கள். நம் வீட்டிலேயே தீயென்றால், எல்லோரும் வெளியேறி, வாயிற் கதவை இழுத்துச் சாத்திவிட்டு இறங்க வேண்டும். அவ்வொரு செயல் அயல் வீட்டார் பலரைக் காக்கும். நகைப் பெட்டிக்காகத் திரும்புதல் கூடாது. 101 என்னும் எண்ணையோ 112 என்னும் எண்ணையோ அழைத்து, கட்டடத்தின் பெயரையும் மாடியையும் முதலில் சொல்லுங்கள். மற்ற விவரம் பின்னால். தீ வேறு மாடியில் இருந்து, படிக்கட்டில் புகை இல்லையென்றால் இறங்கிவிடலாம். கதவைத் திறப்பதற்கு முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ, திறந்தவுடன் புகை கண்டாலோ, அதற்குள் நுழையாமல் கதவை மூடி, ஈரத்துணியால் இடுக்குகளை அடைத்து, வெளிப்புறச் சாளரத்தருகே நின்று துணியை அசைத்துக் காட்டுங்கள். புகை நிறைந்த இடத்தைக் கடந்தே தீர வேண்டுமெனில் தவழ்ந்து செல்லுங்கள். தரையருகே காற்று சற்றுத் தெளிவாக இருக்கும்.

கிரென்ஃபெல் கோபுரத்தில், வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று சொன்னதை நம்பி இருந்தவர்களே பலர் மாண்டனரே என்று படித்தவர்கள் வினவலாம். உண்மைதான். சுவரும் கதவும் தீயை ஒரு வீட்டுக்குள் அடக்கும் என்னும் நம்பிக்கையில் சொல்லப்பட்ட அறிவுரை அது. புறச்சுவர்த் தகடே எரியும்போது அது பொய்த்தது. ஆகவே தீ புறச்சுவரில் ஏறுவதைக் கண்டால், படிக்கட்டு தெளிவாக இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். எதுவாயினும் படிக்கட்டு தெளிவாக இருப்பதன் மீதே அனைத்தும் நிற்கிறது.

இந்நகரில் பரேல் பகுதியிலுள்ள ‘கிரிஸ்டல் டவர்’ என்னும் குடியிருப்பில் 2018 ஆகஸ்டு 22 அன்று தீப்பற்றியது. நால்வர் இறந்தனர். அங்கே பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, பள்ளியில் கற்றுக்கொண்டதை நினைவிற்கொண்டு, துணியைக் கிழித்து நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளும்படி அண்டை வீட்டார்க்குச் சொல்லிக்கொடுத்தாள். ஈரத்துணி நச்சுவாயுவைத் தடுக்காது. கரித்துகளைச் சற்றே தடுக்கும், பதற்றத்தையும் தணிக்கும். அச்சிறுமிக்கு அந்நேரத்தில் அது நினைவுக்கு வந்ததே, அதற்குக் காரணம் யாரோ ஓர் ஆசிரியர் முன்னரே ஒரு நாள் சொல்லி வைத்திருந்தமைதான். நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் ஆத்திசூடி கற்பிக்கிறோம். மாதம் ஒரு முறை அக்குழந்தைகளை வரிசையாகப் படிக்கட்டில் இறக்கிக் காட்டலாகாதா?

முதியோரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. அதே 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 27 அன்று, நமக்கு அண்மையிலேயே, செம்பூர் திலக் நகரில் ஒரு குடியிருப்பின் பதினொன்றாம் மாடியில் நேர்ந்த தீயில் ஐவர் மாண்டனர், பெரும்பாலோர் முதியவர்கள். ஊரில் நிலத்தையும் வீட்டையும் விட்டு, நம்மை நம்பி வந்து, பேரக் குழந்தைகளோடு மேல்மாடியில் அமர்ந்திருக்கும் பெற்றோர் நம் காலனியில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். மொழி தெரியாது, இந்தியிலோ மராட்டியிலோ ஒருவன் ‘ஓடுங்கள்’ என்று கூவினாலும் விளங்காது. பகலில் நாம் அலுவலகத்தில்; குழந்தைகள் பள்ளியில். அவ்வேளையில் தீ நேர்ந்தால் யார் சென்று கதவைத் தட்டுவது? ஒவ்வொரு மாடியிலும் நடக்க இயலாதவர் யார், பகலில் தனித்திருப்பவர் யார், அவரை அழைத்து வரும் பொறுப்பு எந்த வீட்டாருடையது என்று ஒரு பட்டியல் எழுதித் தருவதற்கு நான் ஆயத்தமாக இருக்கிறேன். பட்டியல் எழுதுவது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும் தொழில். பெயர்களை நீங்கள் தர வேண்டும்.

பொதுக்குழு ஞாயிறு காலை பத்து மணிக்கு. வழக்கமாக நம்மவர் கையொப்பமிட்டுவிட்டுச் சிற்றுண்டிக்குப் பின் கலைந்துவிடுவது உண்டு. இம்முறை கிராதித் தீர்மானம் வாக்குக்கு வரும்வரை அமர்ந்திருங்கள். பூட்டுக்குப் பதில் தள்ளு தண்டுக் கதவு என்று திருத்தம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். மூன்று கதவுகளுக்கும் விலைக்குறிப்பும் வாங்கியிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

பந்தி தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறதென்று சமையற்காரர் சைகை காட்டுகிறார். விருப்பமுள்ளவர்கள் என்னுடன் முதற் கோபுரத்தின் உச்சிக்கு மின்தூக்கியில் வந்து, இரண்டாவது படிக்கட்டின் வழியே நடந்து இறங்கலாம். பன்னிரண்டாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் இடையே விளக்கு எரியவில்லை. கைவிளக்கு இரண்டு கொண்டுவந்திருக்கிறேன். முழங்கால் வலி உள்ளவர்கள் தரைத்தளத்தில் நின்று, நாங்கள் வந்து சேர எத்தனை நிமிடம் ஆகிறதென்று கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னால் போதும்.